சத்தம் இன்று, காரணம் நேற்று: ஸ்காண்டிநேவியாவில் தனிச் சைக்கிள் பயணத்தின் கோளாறுகளும் தீர்வுகளும்

ஒரு கோடையில் ஸ்வீடனின் தென்கோடியிலுள்ள மால்மோவில் கிளம்பி, நார்வேயின் வடகோடியிலுள்ள நூர்காப் முனை வரை தனியாக சைக்கிள் ஓட்டினேன். பெரும்பாலான இரவுகள் காட்டிலோ ஏரிக்கரையிலோ சொந்தக் கூடாரத்தில் கழிந்தன. என்னென்ன கெட்டுப்போகும் என்று கிளம்புமுன் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். அதில் பாதி நடக்கவே இல்லை. பட்டியலில் இல்லாதவை ஒன்றுவிடாமல் நடந்தன.

நம் ஊர் சைக்கிள் கடையில் வண்டியை நிறுத்தினால் "என்ன சத்தம்?" என்று கேட்பார்கள். கொஞ்சம் விவரமான மெக்கானிக்காக இருந்தால் "எப்போதிலிருந்து?" என்றும் கேட்பார். அந்த இரண்டாவது கேள்வியை வைத்துத்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். இந்தப் பயணத்தில் ஒரு கோளாறு கண்ணில் படும் நேரமும் அது உண்டான நேரமும் அநேகமாக வேறு வேறு. உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

பின் சக்கரத்தில் 'டிங்' என்றது. அதன் பிறகு வண்டி லேசாக ஆடுகிறது

ஸ்போக் கம்பி அறுந்திருக்கிறது. கல் பட்ட சத்தம் என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். வட ஸ்வீடனில் யோக்மோக்கிலிருந்து யெல்லிவாரே போகும் சாலையில் நான் அப்படித்தான் நினைத்து அன்று மாலை முழுவதும் மிதித்தேன். மறுநாள் காலை ஏற்றம் ஒன்றில் இரண்டாவது கம்பியும் அறுந்தது. ஒன்று போனால் அதன் சுமையைப் பக்கத்துக் கம்பிகள் ஏற்கின்றன. அடுத்து போவது அவற்றில் ஒன்றுதான்.

இறங்கி, பைகளைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே கட்டைவிரல் நகத்தைச் சட்டத்தில் ஊன்றி ரிம்முக்கு அருகே கொண்டுபோங்கள். ஒரு சுற்றில் எந்த இடத்தில் ரிம் நகத்தைத் தொடுகிறது, எந்த இடத்தில் விலகுகிறது என்று பத்து விநாடியில் தெரிந்துவிடும். அறுந்த கம்பி அநேகமாக வலப்பக்கத்தில், பற்சக்கரங்கள் இருக்கும் பக்கத்தில், ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, ஒட்டி வளையும் இடத்தில் போயிருக்கும். அந்தப் பக்கத்துக் கம்பிகள்தான் அதிக இறுக்கத்தில் இருப்பவை. அறுந்ததைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள். வலக்கம்பி அறுந்தால் ரிம் இடப்பக்கம் போகும். அறுந்ததற்கு இரு புறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளின் நிப்பிளை (ரிம்மில் கம்பியை இறுக்கும் சிறு மரையை) அரைத் திருப்பு தளர்த்தினால் ரிம் நடுவுக்குத் திரும்பும். சக்கரத்தை மறுபடி சுற்றி நகத்தால் பாருங்கள். முழுப் பெண்டும் எடுக்கத் தேவையில்லை. பிரேக்கில் உரசாமல் சுற்றினால் அடுத்த ஊர் வரை போதும்.

வலப்பக்கத்தில் புதுக் கம்பி கோக்கப் பற்சக்கரத் தொகுதியைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவியை யாரும் பையில் தூக்கிக்கொண்டு திரிவதில்லை. அதனால் நாரில் செய்த அவசர ஸ்போக் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு மாதிரி வளைவதால் எதையும் கழற்றாமல் ஹப்பின் துளைக்குள் நுழைத்துவிடலாம்.

இனி அந்த 'எப்போதிலிருந்து?' முந்தைய நாள் கடையில் ஐந்து நாள் சாப்பாடு வாங்கியிருந்தேன். அரிசி, பருப்பு, ஆறு லிட்டர் தண்ணீர் எல்லாவற்றையும் பின் பைகளிலேயே திணித்திருந்தேன். முன் பைகளில் இருந்தவை துணிகள். கனத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்திருந்தால் அந்தக் கம்பி இன்னும் சில நூறு கிலோமீட்டர் தாங்கியிருக்கும். அதற்கும் முன்னால் போனால், இயந்திரத்தில் கட்டிய சக்கரத்தை நல்ல கைக்காரர் ஒருவரிடம் கொடுத்துக் கம்பிகளின் இறுக்கத்தைச் சமன் செய்யாமல் வீட்டிலிருந்து கிளம்பியதுதான் தவறு. கனமான பயணத்துக்கு 36 கம்பிச் சக்கரம் என்பது பழமைவாதம் அல்ல.

தினமும் காலையில் டயர் காற்றிறங்கிக் கிடக்கிறது

ட்யூபை மட்டும் ஒட்டிவிட்டு நகராதீர்கள். ட்யூபைக் கழற்றும்போது வால்வு டயரின் எந்த எழுத்துக்கு நேரே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டை ட்யூபின் வெளிப்புறத்தில் இருந்தால், டயரில் வால்விலிருந்து அதே தூரத்தில் விரலால் தடவுங்கள். கண்ணாடித் துணுக்கோ கம்பி முனையோ அங்கேயே குத்தி நிற்கும். உட்புறத்தில், ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் குற்றவாளி ரிம் நாடா, அதாவது ஸ்போக் முனைகள் ட்யூபைக் குத்தாமல் ரிம்மின் உள்ளே ஒட்டும் பட்டை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் காற்றுப் போதாமல் கல்லில் நசுங்கியிருக்கிறது.

கேரியர் கிறீச்சிடுகிறது

ஆணி தளர்ந்திருக்கிறது, அல்லது எங்கோ விழுந்துவிட்டது. தண்ணீர் பாட்டில் கூட்டை மாட்டும் ஆணி அநேகமாக அதே ஐந்து மில்லிமீட்டர் அளவுதான். அதில் ஒன்றைக் கழற்றிக் கேரியரில் போடுங்கள். பாட்டில் கூடு ஒரே ஆணியில் நிற்கும்.

மழையில் பிரேக் பிடிக்க நேரமாகிறது

ரிம் பிரேக் என்றால் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். மண்ணும் அலுமினியத் துணுக்குகளும் பதிந்திருக்கும். கத்தி முனையால் நோண்டி எடுங்கள். டிஸ்க் என்றால் பேட் தேய்ந்திருக்கிறது. நார்வேயின் ஃப்யோர்டு (மலைகளுக்கிடையே புகுந்த கடல்) சாலைகளில் மழையும் இறக்கமும் சேர்ந்தால் மென்மையான பேட்கள் எதிர்பாராத வேகத்தில் கரையும். ஒரு ஜோடி உபரியாக எடுத்துப் போங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

இரவு பத்து மணி. கூடாரம் போட இடம் கிடைக்கவில்லை

முதலில் எந்த நாட்டில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். 'ஸ்காண்டிநேவியாவில் எங்கு வேண்டுமானாலும் தங்கலாம்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் டென்மார்க்கில் முதல் நாளே மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே அப்படிப் பொதுவான உரிமை எதுவும் கிடையாது. அதற்காக ஒதுக்கிய காடுகள் இருநூறுக்கும் மேல் உண்டு. ஓரிடத்தில் ஒரே இரவு, சிறு கூடாரங்கள் இரண்டுக்கு மேல் கூடாது. மூன்று பக்கம் அடைத்த மரத் தங்குமிடங்களும் நாடு முழுக்க இருக்கின்றன. மாலை நான்கு மணிக்கே வரைபடத்தில் ஒன்றைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்வீடனில் 'அல்லெமான்ஸ்ரெட்டன்' என்னும் பொது உரிமை உண்டு. 1994 முதல் அரசியலமைப்பிலும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அது மீட்டர் கணக்குச் சொல்வதில்லை. வீட்டாரின் கண்ணிலும் காதிலும் படாத தூரம், பயிர் நிலம் அல்லாத இடம், ஓரிரு இரவு என்பதுதான் நடைமுறை. நார்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது: குடியிருக்கும் வீட்டிலிருந்தோ கோடைக்குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீட்டர் தள்ளி; உயர்மலை, ஆளரவமற்ற இடங்கள் தவிர மற்ற இடங்களில் அனுமதியின்றி இரண்டு நாள் வரை. ஆனால் லோஃபோட்டன் தீவுகள் போலக் கூட்டம் மொய்க்கும் இடங்களில் தடைப் பலகைகள் நிறைய. தேசியப் பூங்காக்களுக்கும் காப்புப் பகுதிகளுக்கும் தனி விதி. பலகை இருந்தால் பலகை சொல்வதே சட்டம்.

உரிமை இருந்தும் இடம் கிடைக்காததற்குக் காரணம் அநேகமாகத் தேடும் முறை. சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டே போனால் வேலி, சதுப்பு, பள்ளம் ஆகியவைதான் தெரியும். மரம் ஏற்றும் லாரிகள் போகக் காட்டுக்குள் பிரியும் மண்பாதைகளைத் தேடுங்கள். அரை கிலோமீட்டர் உள்ளே போனால் லாரி திரும்புவதற்கான அகன்ற வளைவு வரும். அதன் ஓரத்தில் தரை சமமாக இருக்கும். வளைவின் நடுவில் மட்டும் போடாதீர்கள். அதிகாலையில் லாரி வரலாம். சற்றே மேடான, பைன் மரங்கள் நிற்கும், வெளிறிய பாசி படர்ந்த தரை கிடைத்தால் யோசிக்காமல் இறங்குங்கள். பளிச்சென்ற பச்சையாக இருந்தால் அடியில் தண்ணீர். தூரத்திலிருந்து புல்வெளி போலத் தெரிந்த ஓரிடத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், முன் சக்கரம் பாதி புதைந்த பிறகுதான் நான் இதைக் கற்றேன்.

தண்ணீருக்கு ஒரு தகவல். கிராமத் தேவாலயங்களின் கல்லறைத் தோட்டத்தில் பூச்செடிகளுக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள். நல்ல தண்ணீர்தான். குடிக்கலாகாது என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை இல்லை; கூடாரத்துக்குள் சொட்டுகிறது

கூடாரம் ஓட்டை என்று நினைத்துக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். அது உங்கள் மூச்சும், தரையின் ஈரமும், குளிர்ந்த துணியில் பட்டுத் திரண்ட நீர். காரணம் நேற்று மாலையில் இருக்கிறது: காட்சி நன்றாக இருக்கிறதே என்று ஏரியின் விளிம்பில், பள்ளமான புல்தரையில் போட்டிருப்பீர்கள். குளிர்காற்று தண்ணீரைப் போலவே பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். ஐந்தாறு மீட்டர் மேலே ஏறி மரத்தடியில் போட்டிருந்தால் காலையில் துணி பாதி உலர்ந்திருக்கும். காட்சிக்கு நடந்து வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதைக்குக் காற்றுத் துளைகளைத் திறந்து, வாசலின் மேல்பகுதி ஜிப்பைக் கால்வாசி இறக்குங்கள். தூக்கப்பையின் கால்பகுதி துணியைத் தொட்டால் அதன்மேல் மழைச்சட்டையைப் போர்த்துங்கள். பறவைத்தூவி அடைத்த பை நனைந்தால் சூடு தராது. காலையில் வெளித்துணியின் உட்புறத்தை ஒரு ஈரிழைத் துண்டால் துடைத்துப் பிழியுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரையும் துணியோடு சுருட்டிப் பையில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும்போது துணியை வேலியில் காயப்போடுங்கள்.

கொசு

இதற்கு அறிகுறி எழுதத் தேவையில்லை. வட ஸ்வீடனிலும் பின்லாந்து எல்லையை ஒட்டியும் ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலை முழுவதும் உச்சம். ஆகஸ்டு போகப்போகத் தணியும். மருந்தைவிட இடம் முக்கியம். காற்று வீசும் மேட்டிலும் கடல் முனையிலும் கொசு நிற்காது. சதுப்பு அருகிலும் காற்றில்லாத காட்டுக்குள்ளும் இருந்தால் நீங்கள்தான் அதன் விருந்து. கறுப்பு, நீலத் துணிகளைத் தேடி வரும். வெளிர் நிறம் நல்லது. ஏற்றத்தில் உங்கள் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்குக் கீழே போனால் கூடவே பறந்து வரும் என்பது என் சொந்தக் கணக்கு.

முகத்தை மூடும் தலைவலை வாங்கிக்கொள்ளுங்கள். டீட் என்னும் கொசுவிரட்டி மருந்து வேலை செய்யும். ஆனால் அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். என் கைக்கடிகாரத்தின் வார் பிசுபிசுத்துப் போனது. மருந்து தடவிய கையால் ஹேண்டில்பார் பிடியையும் கூடாரத் துணியையும் தொடாதீர்கள். உள்ளே நுழைவதும் ஒரு கலை: வெளியே வேண்டியதெல்லாம் முடித்துவிட்டு, ஜிப்பை ஒரே முறை, ஆள் நுழையும் அளவு மட்டும் திறந்து, விழுந்து உருண்டு, மூடுங்கள். பிறகு உள்ளே வந்த இருபதையும் பொறுமையாக வேட்டையாடலாம்.

கொசுவலை இருந்தும் கடி நிற்கவில்லை என்றால் அது கொசு அல்ல. நார்வேக்காரர்கள் 'க்னொட்' என்று சொல்லும் பொடிப்பூச்சி. ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். சாதாரண வலைக்கண்ணுக்குள் புகுந்து வரும். மிக நெருக்கமான வலையும் காற்றும்தான் தீர்வு.

குளிக்கும்போது முழங்காலின் பின்புறம் கறுப்பு மச்சம், நேற்று இல்லை

உண்ணி. தென் ஸ்வீடனிலும் கடலோரப் பகுதிகளிலும் உயரப் புல்லிலிருந்து ஏறும். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம். தேதியை எழுதிவையுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் செவ்வளையம் பரவினால் லைம் நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள், ஆன்டிபயாடிக்கில் தீரும். உண்ணி பரப்பும் மூளையழற்சி வேறு. ஸ்டாக்ஹோம் தீவுக்கூட்டப் பகுதியில் அது உண்டு. அதற்கு மாத்திரை கிடையாது. பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே போடவேண்டிய தடுப்பூசி உண்டு.

உடல் களைத்திருக்கிறது, தூக்கம் வரவில்லை

ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே சூரியன் இறங்குவதில்லை. நூர்காப்பில் மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை அப்படி. கண்பட்டை கட்டுங்கள். ஆனால் உண்மையான பிழை கண்ணில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. வெளிச்சம் இருக்கிறதே என்று இரவு பதினொன்று வரை மிதித்து, ஒரு மணிக்குச் சமைத்தால் உடலுக்கு எது இரவு என்று தெரியாது. எட்டு மணிக்கு நிறுத்துவது என்று வைத்துக்கொண்ட மூன்றாம் நாள் எனக்குத் தூக்கம் வந்தது.

அடுப்பு எரியவில்லை

எரிவாயுக் குப்பி என்றால் குளிரில் அழுத்தம் போயிருக்கும். பியூட்டேன் சுழியம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாக மறுக்கும். புரொப்பேன் கலந்த குப்பி வாங்குங்கள். இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் எரியும். விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதால் இறங்கிய ஊரிலேயே வாங்க வேண்டும்.

எனக்கு ஸ்பிரிட் அடுப்பின் மேல்தான் நம்பிக்கை. ஸ்வீடனின் ட்ராங்கியா நிறுவனம் 1925இல் தொடங்கியது. அதன் அடுப்பில் கெட்டுப்போக ஒரு பாகமும் இல்லை. எரிபொருள் கிடைக்கவில்லை என்றால் நீங்கள் கேட்கும் பெயர் தவறு. ஸ்வீடனில் டி-ரெட் அல்லது ரெட்ஸ்ப்ரீட்; நார்வேயில் ரோட்ஸ்ப்ரீட். பாத்திரத்தின் அடி கரியாகிறதா? ஸ்பிரிட்டில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் புகை குறையும். மைசூர்ப் பருப்பும் அரிசியும் சேர்த்து வைத்தால் ஒரே பாத்திரத்தில் பருப்புச் சாதம் ஆகிவிடும். சாம்பார்ப் பொடி வீட்டிலிருந்து வந்தது.

நார்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலோ காட்டை ஒட்டியோ தீ மூட்டத் தடை உண்டு. ஸ்வீடனில் வறட்சிக் காலத்தில் வட்டாரத் தடை அறிவிப்பார்கள். அடுப்பைக் கூடக் கல்லின்மேல் வைத்தே மூட்டுங்கள்.

கடை மூடியிருக்கிறது, பையில் ஒன்றும் இல்லை

இன்று ஞாயிறா? நார்வேயில் பெரிய கடைகள் ஞாயிறு திறப்பதில்லை. நூறு சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு கடைகளும் பெட்ரோல் நிலையங்களும் திறந்திருக்கும். விலை கண்ணைக் கட்டும். ஸ்வீடனில் ஞாயிறு பிரச்சினை இல்லை. ஆனால் ஜூன் 19க்கும் 25க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமை, மிட்சொம்மர் என்னும் கோடைவிழாவுக்கு முந்தைய நாள், நாடே மூடிக்கொள்ளும். நார்வேயில் இருந்தால் சனிக்கிழமையே ஓட்ஸ், மொறுமொறு ரொட்டி, ஒரு கட்டி ப்ரூன்ஊஸ்ட் வாங்கிவிடுங்கள். அந்தப் பழுப்புப் பாலாடைக்கட்டி நம் திரட்டுப்பாலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. முதல் நாள் முகம் சுளித்தேன். நான்காம் நாள் வெறும் கட்டியாகவே தின்றேன்.

கடை திறந்திருந்தும் அட்டை மறுக்கப்படுகிறதா? இந்திய வங்கி அட்டை என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்துவிட்டீர்களா என்று பாருங்கள். இரண்டு அட்டைகளை இரண்டு பைகளில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரத் தோட்டக் கடைகளில் தொங்கும் ஸ்விஷ் (கைபேசியில் பணம் செலுத்தும் செயலி) எண் நமக்கு உதவாது. அதற்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும்.

சுரங்கப் பாதை, வாயிலில் சைக்கிள் படம் போட்ட சிவப்பு வட்டம்

உள்ளே போகாதீர்கள். இந்தக் கோளாறு வீட்டிலேயே வரைபடத்தின் முன் தீர்ந்திருக்க வேண்டியது. நார்வேயில் சுரங்கப் பாதைகள் ஆயிரத்துக்கும் மேல். லெர்டால் சுரங்கம் 24.5 கிலோமீட்டர், அதில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பல இடங்களில் மலையைச் சுற்றிப் பழைய சாலை இருக்கும், அதுதான் உங்களுக்கு. இல்லாவிட்டால் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அனுமதி உள்ள சுரங்கத்தில் நுழையுமுன் நிறுத்தி, முன்பின் விளக்குகளைப் போட்டு, பளபளக்கும் மேலங்கியும் அணியுங்கள். சில வாயில்களில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உள்ளே சைக்கிள் போகிறது என்று ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கை விளக்கு எரியும். 1999இல் திறந்த நூர்காப் சுரங்கம் ஏறக்குறைய 6.9 கிலோமீட்டர், கடல்மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே இறங்கும். இறங்கும்போது குளிர் எலும்பைத் தொடும். அதற்குப் பயந்து கம்பளியை மாட்டினால் ஏறும்போது வேர்த்துக் கொட்டும். மெல்லிய காற்றுச்சட்டை போதும். பின்னால் கார் வரும் இரைச்சல் அது வருவதற்கு வெகுநேரம் முன்பே விமானம் போல முழங்கும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

சுண்டுவிரல் மரத்துப்போகிறது, முழங்கால் வலிக்கிறது

சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால் உள்ளங்கை ஓரத்து நரம்பு நசுங்குகிறது. பிடியை அடிக்கடி மாற்றுங்கள், ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துங்கள். முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கக்கூடும். பின்புறம் வலித்தால் உயரமாக. ஒரே தடவையில் அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள்.

மழையில் நடுங்கிக்கொண்டிருந்தேன், இப்போது நடுக்கம் நின்றுவிட்டது, சோர்வாக இருக்கிறது

இந்தத் தலைப்புக்கு வந்திருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு ஈரத்துணியைக் கழற்றுங்கள். நடுக்கம் நின்றதால் குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. காற்றுக்கு மறைவாக, உலர்ந்த துணியோடு தூக்கப்பைக்குள் போய், இனிப்பாகச் சூடாகக் குடியுங்கள். ஜிப்பைத் திறக்க விரல் வணங்கவில்லை, பேச்சுக் குழறுகிறது என்றால் உதவி கேட்கும் நேரம் வந்துவிட்டது. ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க்கில் 112; நார்வேயில் ஆம்புலன்சுக்கு 113. தனியாகப் போகிறவருக்கு நடுக்கம் தொடங்கும்போதே நிற்பதுதான் வழி. பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல யாரும் இல்லை.

எதிர்க்காற்று, நாட்கள் போதாது

ஷெங்கன் விசா எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கவிடாது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து நான்குக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பிந்திவிட்டோம் என்று காற்றோடு மல்லுக்கட்டி முழங்காலைக் கெடுத்துக்கொள்வதைவிட, கோடையில் ஸ்வீடனின் உள்நாட்டு ரயிலிலோ நார்வேயின் கடலோரக் கப்பலிலோ சைக்கிளை ஏற்றுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நான் ஒரு நாள் ஏற்றினேன். யாரும் கேட்கவில்லை.

முனை வந்தாயிற்று, பெடல் கழல மறுக்கிறது

விமானத்தில் ஏற்ற அட்டைப்பெட்டி வேண்டும். சைக்கிள் கடையில் கேட்டால் புது வண்டி வந்த பழைய பெட்டியைத் தருவார்கள். இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்தால் நல்லது. வலப் பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும். இடப் பெடலின் மரை தலைகீழ். வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். ஓங்கி மிதித்தும் அசையவில்லை என்றால் நீங்கள் அதை இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.